வெறுமையான கட்டங்கள் எல்லாம் ஒன்றல்ல

 

கொஞ்சம் நீளமான பதிவு. தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிப்பிக்கிற ஆசிரியர்களும், "கொம்பியூட்டர் வேலையெல்லாம் இனி உங்கட பொறுப்பு" என்று அதிபர் ஒப்படைத்துவிட்டுப் போனவர்களும் ஆறுதலாக வாசியுங்கள். மற்றவர்களும் வாசிக்கலாம். படிவம் நிரப்பாத ஆள் இந்த நாட்டில் இல்லைத்தானே.

போன கிழமை ஆசிரியர் குழுவொன்றில் ஒரு வாக்குவாதம். தரம் 10, 11 பிள்ளைகளின் தவணைப் புள்ளிகளுக்குத் தரவுத்தளம் செய்ய வேண்டும். ஒருவர் சொன்னார்: "பாடத்துக்கு ஒரு நிரல் போட்டு ஒரே அட்டவணையாச் செய்யுங்கோ, எக்செல் மாதிரி." அடுத்தவர்: "அப்பிடிச் செய்தால் முக்கால்வாசிக் கட்டம் வெறுமையாக் கிடக்கும். இடம் வீண்." மூன்றாமவர் மென்பொருள் கம்பனியில் வேலை செய்கிற பழைய மாணவர்: "எல்லாத்தையும் மூண்டு நிரலுக்க போடலாம் சேர். ஆள், பண்பு, பெறுமானம். பிறகு ஒருநாளும் அட்டவணையை மாத்தத் தேவையில்லை."

மூன்று பேரும் கெட்டிக்காரர்கள். ஆனால் மூன்று பேருமே ஒரு கேள்வியைக் கேட்கவில்லை. அந்தக் கட்டம் ஏன் வெறுமையாக இருக்கிறது?

அட்டவணை அமைப்பு அந்தக் கேள்வியில் இருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் கருத்து. இடம், வேகம், வசதி எல்லாம் அதற்குப் பிறகு. ஏன் என்று சொல்கிறேன்.

1. இடம் வீண் என்ற கதை

சா/த பரீட்சைக்கு ஒரு பிள்ளை ஒன்பது பாடம் எடுக்கும். ஆறு கட்டாயப் பாடம், மூன்று தொகுதிப் பாடம். கட்டாயப் பாடங்களில் சமயத்தை மட்டும் பாருங்கள். பௌத்தம், சைவநெறி, கத்தோலிக்கம், கிறிஸ்தவம், இஸ்லாம் என்று ஐந்து நிரல் போட்டால், எந்தப் பிள்ளையின் நிரையிலும் நான்கு கட்டம் வெறுமை. யாழ்ப்பாணத்தில் பல பாடசாலைகளில் இஸ்லாம் நிரலில் மேலிருந்து கீழ்வரை தேடினாலும் நாலைந்து புள்ளிதான் கிடைக்கும். சிலதில் ஒன்றுமே இருக்காது. தொகுதிப் பாடங்களையும் சேர்த்து 40 நிரல் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிரையில் 9 நிரம்பும், 31 வெறுமை. இதைத்தான் ஐதான தரவு என்கிறேன்.

இது இடத்தைத் தின்னும் என்று நாங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம். கணக்குப் பார்ப்போம். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒவ்வொரு நிரைக்கும் 23 பைற் தலைப்பகுதி உண்டு. வெறுமையான கட்டத்துக்கு அது ஒதுக்குவது ஒரு பிற் மட்டும், "இங்கே ஒன்றுமில்லை" என்ற அடையாளம். அப்படிப் பார்த்தால் 40 பாட நிரல் உள்ள அகலமான அட்டவணையில் ஒரு பிள்ளையின் ஒரு தவணை ஏறத்தாழ 70 பைற். அதையே பாடத்துக்கு ஒரு நிரையாக ஒடுக்கமான அட்டவணையில் எழுதினால் ஒன்பது நிரை, ஒவ்வொன்றுக்கும் தனித் தலைப்பகுதி, மொத்தம் ஏறத்தாழ 400 பைற். சுட்டிகளைச் சேர்க்காத கணக்கு இது.

அதாவது வெறுமை நிறைந்த அட்டவணைதான் சிறியது!

எல்லாத் தரவுத்தளமும் இப்படியல்ல. மைக்ரோசொப்ட் எஸ்கியூஎல் சேர்வரில் நிலையான நீளமுள்ள நிரல் வெறுமையாக இருந்தாலும் தன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்காகவே 2008 பதிப்பில் ஐதான நிரல் என்று ஒரு வகையைக் கொண்டுவந்தார்கள். வெறுமைக்கு இடம் பூச்சியம், நிரம்பிய கட்டத்துக்கு 4 பைற் கூடுதல். அங்கேயும் ஒரு கொடுக்கல் வாங்கல் இருக்கிறது.

எப்படிப் பார்த்தாலும் ஆயிரம் பிள்ளைகள், மூன்று தவணை என்றால் ஒரு வழியில் 0.2 மெகாபைற், மற்ற வழியில் 1.2 மெகாபைற். கைபேசியில் எடுக்கும் ஒரு படத்துக்குக்கூட இது காணாது. ஆகவே பாடசாலை அளவில் இடத்தைக் காரணம் காட்டி அட்டவணை வரைவதை விட்டுவிடலாம்.

2. அப்படியென்றால் அகலமான அட்டவணை சரியா?

புள்ளிகளுக்குச் சரியில்லை. காரணம் வேறு.

ஒரு வகுப்பில் பத்துப் பிள்ளைகள். சித்திரப் பாடத்தில் எட்டுப் பேர் எழுதி மொத்தம் 480 புள்ளி. ஒரு பிள்ளை பரீட்சைக்கு வரவில்லை. இன்னொரு பிள்ளை சித்திரமே எடுக்கவில்லை, அது சங்கீதம். அகலமான அட்டவணையில் இரண்டு பேருடைய கட்டமும் வெறுமை. சராசரி கேட்டால் எஸ்கியூஎல் வெறுமையை விட்டுவிட்டு 480ஐ 8ஆல் பிரித்து 60 என்று தரும். யாராவது "வெறுமையாக விடக்கூடாது" என்று பூச்சியம் போட்டிருந்தால் 48 என்று தரும். அதே வகுப்பு, அதே பிள்ளைகள், 12 புள்ளி வித்தியாசம். அதிபர் "எத்தனை பேர் வரவில்லை?" என்று கேட்டால் அகலமான அட்டவணையிடம் பதிலே இல்லை. வராதவரும் எடுக்காதவரும் அதற்கு ஒன்றுதான்.

ஒடுக்கமான அட்டவணையில் இது தானாகவே பிரிகிறது. அனுமதி எண், ஆண்டு, தவணை, பாடம், புள்ளி, நிலை. சித்திரம் எடுக்காத பிள்ளைக்கு அந்தப் பாடத்தில் நிரையே இல்லை. எடுத்தும் வராத பிள்ளைக்கு நிரை இருக்கும், நிலை "வரவில்லை", புள்ளி வெறுமை. நிரையே இல்லாமல் இருப்பது ஒரு செய்தி. நிரை இருந்து பெறுமானம் இல்லாமல் இருப்பது வேறொரு செய்தி. இந்த வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு விளங்கப்படுத்தினால் பாதிப் பாடம் முடிந்தது.

மற்ற நன்மைகளும் உண்டு. புதுப் பாடம் வந்தால் அட்டவணையை மாற்றத் தேவையில்லை, பாடப் பட்டியலில் ஒரு நிரை சேர்த்தால் போதும். "புள்ளி 0க்கும் 100க்கும் இடையில்" என்ற கட்டுப்பாட்டை 40 தடவை எழுதாமல் ஒரு தடவை எழுதலாம்.

3. ஒடுக்கமாக இருப்பதெல்லாம் ஒன்றல்ல

இங்கேதான் அந்தப் பழைய மாணவரோடு எனக்குக் கருத்து வேறுபாடு. புள்ளி அட்டவணையைப் பார்த்துவிட்டு, "இதே மாதிரி எல்லாவற்றையும் செய்யலாம்" என்று நினைக்கிறார்கள். பிறந்த திகதி, குருதி வகை, முகவரி, புலமைப்பரிசில், தகப்பனின் தொழில் எல்லாவற்றையும் ஆள், பண்பு, பெறுமானம் என்று மூன்று நிரலுக்குள் போடுவது.

வெளித்தோற்றம் ஒன்று, உள்ளடக்கம் வேறு. புள்ளி அட்டவணையில் பெறுமானம் எல்லாம் ஒரே இனம், எல்லாமே புள்ளி. பிள்ளைக்கும் பாடத்துக்கும் இடையில் உள்ள உண்மையான உறவு அது. மூன்று நிரல் அட்டவணையிலோ ஒரே நிரலுக்குள் திகதியும் இலக்கமும் முகவரியும் கலந்து கிடக்கும். எல்லாவற்றையும் எழுத்தாகத்தான் வைக்க முடியும். பெப்ரவரி 30 என்று பிறந்த திகதி எழுதினாலும் தரவுத்தளம் பேசாமல் வாங்கிக்கொள்ளும். "பிறந்த திகதி கட்டாயம்" என்று சொல்ல வழியில்லை. தரம் 10இல் படிக்கிற, புலமைப்பரிசில் பெறுகிற, ஓ பொசிற்றிவ் பிள்ளைகள் யார் என்று கேட்டால் அதே அட்டவணையை மூன்று தடவை தன்னோடு தானே இணைக்க வேண்டும்.

அப்படியானால் இதை யாருமே செய்வதில்லையா? செய்கிறார்கள். உங்கள் பாடசாலை இணையத்தளம் வேர்ட்பிரஸில் என்றால் அதன் கூடுதல் விபரங்கள் எல்லாம் இப்படித்தான் இருக்கின்றன. ஆபிரிக்க நாடுகள் பலவற்றின் வைத்தியசாலைகளில் ஓடும் ஓப்பன்எம்ஆர்எஸ் நோயாளி பற்றிய அவதானங்களை இப்படித்தான் வைக்கிறது. ஆனால் அவர்கள் இலக்கத்துக்கு ஒரு நிரல், திகதிக்கு ஒரு நிரல், எழுத்துக்கு ஒரு நிரல் என்று பெறுமானத்தைப் பிரித்து வைத்தார்கள்.

எங்கள் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் இருந்து ஒருங்கிணைக்கப்படும் டிஎச்ஐஎஸ்2 என்ற திறந்த மூல மென்பொருள். 2020 ஜனவரி 27இல் இலங்கையில் முதலாவது கொவிட் நோயாளி அடையாளம் காணப்பட்டார். அந்த நாட்களிலேயே, நாட்டுக்குள் வரும் பயணிகளைப் பின்தொடர இந்த மென்பொருளில் ஒரு பதிவு முறையை எங்கள் சுகாதார அமைச்சும் உள்ளூர் நிபுணர்களும் உருவாக்கினார்கள். பிறகு அதை முன்மாதிரியாகக் கொண்டு வேறு பல நாடுகளும் செய்துகொண்டன. எங்களுக்குப் பெருமைதான்.

அவ்வளவு கெதியாகச் செய்ய முடிந்ததற்கு ஒரு காரணம் அதன் அட்டவணை அமைப்பு. இந்த மென்பொருளில் புதிதாக ஒரு கேள்வி சேர்ப்பது என்றால் தரவுத்தளத்தில் புது நிரல் போடுவதல்ல. திரையிலேயே ஒரு புதுத் தரவுக்கூறை வரையறுப்பது. இன்றைக்கு எந்த நாட்டில் இருந்து வந்தார், நாளைக்கு என்ன அறிகுறி, மறுநாள் தனிமைப்படுத்தல், அதன்பின் பிசிஆர் முடிவு. நோயே புதிது. எந்தக் கேள்வி நாளைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்த நிலையில் அந்த அமைப்பு சரி.

ஆனால் அதற்கு அவர்கள் கொடுக்கும் விலையையும் பாருங்கள். திரட்டிய தரவுகளை வைக்கும் அட்டவணையில் பெறுமானம் எழுத்தாகத்தான் சேமிக்கப்படுகிறது. சரி பிழை பார்ப்பது மென்பொருளின் வேலை. அறிக்கை எடுக்க அந்த அமைப்பு தாமதம் என்பதால், பகுப்பாய்வுக்கென்று வேறு அட்டவணைகளைத் திரும்பத் திரும்ப உருவாக்குகிறார்கள். நோயாளி நிகழ்வுகளுக்கான பகுப்பாய்வு அட்டவணை எப்படி இருக்கும் தெரியுமா? தரவுக்கூறுக்கு ஒரு நிரல், அகலமாக, வெறுமை நிறைந்து! எழுதுவதற்கு ஒடுக்கம், வாசிப்பதற்கு அகலம், இரண்டையும் இசைய வைக்க ஒரு பெரிய குழு.

எங்கள் பாடசாலையில் அந்தக் குழு யார்? ஒரு ஆசிரியர், ஒரு மடிகணினி. அவர் இடமாற்றம் கிடைத்துப் போனால் அந்த மூன்று நிரலுக்குள் என்ன இருக்கிறது என்று அடுத்தவருக்கு விளங்காது. மூன்று நிரல் அமைப்பு என்பது தரவுத்தளத்தின் மேல் இன்னொரு தரவுத்தளத்தைக் கட்டுவது. கட்டுவதற்கு ஆள் இருந்தால் செய்யலாம்.

4. நடுவில் இரண்டு வழிகள்

ஒன்று, வகைக்கு ஒரு தனி அட்டவணை. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கைத் தன்னார்வலர்கள் எழுதிய சஹானா மென்பொருளை நினைத்துப் பாருங்கள். காணாமல் போனவர்களைப் பதிய வேண்டும். ஒருவருக்குப் பெயர் தெரியும், உயரம் தெரியாது. இன்னொருவருக்கு முடியின் நிறமும் காயமும் தெரியும், பெயர் தெரியாது. அவர்கள் நடுவில் ஆளுக்கு ஓர் அடையாள இலக்கம் வைத்து, உடல் அடையாளங்கள் போன்றவற்றைத் தனித்தனி அட்டவணைகளாகப் பிரித்தார்கள். தெரிந்தால் அங்கே ஒரு நிரை, தெரியாவிட்டால் நிரை இல்லை. நிரல்கள் தங்கள் இனத்தோடேயே இருக்கின்றன. உயரம் இலக்கம்தான், திகதி திகதிதான்.

எங்கள் பிள்ளை விபரத்துக்கு இது நன்றாகப் பொருந்தும். எல்லாப் பிள்ளைக்கும் உள்ளவை ஒரு அட்டவணையில். விடுதிப் பிள்ளைகளுக்கு ஒன்று, புலமைப்பரிசில் பெறுபவர்களுக்கு ஒன்று, விசேட தேவையுள்ள பிள்ளைகளுக்கு ஒன்று. விலை என்னவென்றால் முழு விபரமும் ஒரே பார்வையில் வேண்டும் என்றால் நாலைந்து அட்டவணையை இணைக்க வேண்டும். அதை ஒரு தடவை காட்சியாக எழுதி வைத்தால் போதும்.

மற்றது, ஜேசன் நிரல். போஸ்ட்கிரெஸில் தேடுவதற்கு வசதியான ஜேசன் 2014இல் வந்தது, மைஎஸ்கியூஎல்லில் 2015இல். நிலையான நிரல்களோடு "மற்றவை" என்று ஒரு நிரல் வைத்து அதற்குள் எதையும் போடலாம். டிஎச்ஐஎஸ்2வே பிந்திய பதிப்புகளில் நிகழ்வுத் தரவுகளை இப்படி மாற்றிக்கொண்டது. நல்ல வழிதான், ஒழுங்கு இருந்தால். எங்களிடம் என்ன நடக்கும்? ஒருவர் "குருதிவகை" என்று எழுதுவார், அடுத்தவர் "இரத்தவகை", மூன்றாமவர் நடுவில் ஓர் இடைவெளி விட்டு "இரத்த வகை". தரவுத்தளத்துக்கு அது மூன்று வெவ்வேறு விடயம். வைத்தியசாலையில் இருந்து அவசரமாகக் கேட்கும்போது தேடுகிறவருக்கு மூன்றில் ஒன்றுதான் அகப்படும்.

5. நான் உண்மையில் சொல்ல வந்தது

எந்த அமைப்பை எடுத்தாலும் வெறுமை முற்றாகப் போகாது. நிலைநிறுத்தப்பட்ட உறவு மாதிரியை 1970இல் உலகுக்குத் தந்த கொட், பிற்காலத்தில் வெறுமை ஒரு வகை அல்ல, இரண்டு வகை என்றார். இருக்க வேண்டியது, ஆனால் எங்களுக்குத் தெரியாது என்பது ஒன்று. இந்த ஆளுக்குப் பொருந்தவே பொருந்தாது என்பது மற்றது. தரம் 6 பிள்ளையின் அடையாள அட்டை இலக்கம் இரண்டாவது வகை. குருதி வகை முதலாவது வகை. எஸ்கியூஎல் மொழியோ இரண்டையும் "நல்" என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டது. மருத்துவத் தகவல் நியமமான எச்எல்7 இன்னும் நுணுக்கமாகப் போகிறது: தெரியாது, பொருந்தாது, கேட்டோம் அவருக்கே தெரியவில்லை, கேட்கவே இல்லை, இருக்கிறது ஆனால் மறைத்திருக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியீடு.

இது வெறும் பரீட்சை விடயமல்ல. "நிரந்தர மாவட்டம்" என்ற நிரலை எடுங்கள். 1990 ஒக்டோபரில் வடக்கில் இருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களில் பெரும்பகுதி புத்தளம் போனது. 2009க்குப் பிறகு ஒரு பகுதியினர் திரும்பி வந்தார்கள். வீடு இங்கே, பதிவு அங்கே, பிள்ளை பிறந்தது அங்கே, படிப்பது இங்கே. அதே 1990இல் வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களுக்கும் இதே சிக்கல். காணி ஓரிடம், முகாம் ஓரிடம், வாடகை வீடு ஓரிடம். "நிரந்தரம்" என்ற கட்டத்துக்கு முன்னால் பேனையைப் பிடித்துக்கொண்டு யோசிக்காத தாய் இந்தக் குடும்பங்களில் குறைவு. யோசித்துவிட்டு வெறுமையாக விடுவார்.

இப்போது தரவுத்தளத்தில் 200 பிள்ளைகள் என்று வைப்போம். 150 பேருக்கு யாழ்ப்பாணம், 35 பேருக்கு வேறு மாவட்டம், 15 பேருக்கு வெறுமை. "மாவட்டம் = யாழ்ப்பாணம்" என்று வினவினால் 150. "மாவட்டம் <> யாழ்ப்பாணம்" என்று வினவினால் 35. கூட்டினால் 185. அந்தப் பதினைந்து பிள்ளைகள் யாழ்ப்பாணப் பட்டியலிலும் இல்லை, வெளி மாவட்டப் பட்டியலிலும் இல்லை. எஸ்கியூஎல் விதிப்படி வெறுமையை எதோடு ஒப்பிட்டாலும் விடை ஆம் அல்ல, இல்லை அல்ல, "தெரியாது". தெரியாதவர்களை அது பட்டியலில் சேர்க்காது. பிழைச் செய்தியும் வராது. பட்டியல் அழகாக அச்சாகும். அந்தப் பட்டியலை வைத்துத்தான் காலணி வவுச்சரோ உதவித் தொகையோ பகிரப்படும் என்றால், விடுபட்ட பிள்ளைக்குத் தான் விடுபட்டதே தெரியாது.

அதற்காக "வெறுமை அனுமதி இல்லை" என்று நிரலைப் பூட்டினால் சரியா? அது இன்னும் மோசம். பிறந்த திகதி கட்டாயம் என்றால் தெரியாதவர்கள் எல்லாம் ஜனவரி 1இல் பிறந்துவிடுவார்கள். தொலைபேசி கட்டாயம் என்றால் எல்லோருக்கும் பத்துப் பூச்சியம். வெறுமை உண்மையாவது சொல்லும், இது பொய் சொல்லும். பொய்யான பெறுமானத்தைப் பிறகு கண்டுபிடிக்கவே முடியாது.

ஆகவே என் பரிந்துரை சுருக்கமாக:

எல்லோருக்கும் பொதுவானதும் மாறாததும் என்றால் நிலையான நிரல். கொஞ்ச வெறுமைக்குப் பயப்பட வேண்டாம்.

ஒரே இனப் பெறுமானம் பல தடவை வருகிறதென்றால், புள்ளி மாதிரி, வரவு மாதிரி, ஒடுக்கமான அட்டவணை.

ஒரு பகுதிப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியது என்றால் தனி அட்டவணை.

நாளைக்கு என்ன கேள்வி வரும் என்றே தெரியாதென்றால் மட்டும் ஜேசன் அல்லது மூன்று நிரல். அதுவும் அனுமதிக்கப்பட்ட பண்புகளின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு.

வெறுமையை வைத்து ஒரு பிள்ளையைப் பற்றி முடிவு எடுக்கப்படும் என்றால், அந்த நிரலுக்குப் பக்கத்தில் ஒரு காரண நிரல் கட்டாயம்: தெரியாது, பொருந்தாது, ஆவணம் இல்லை, இன்னும் கேட்கவில்லை.

கடைசியாக ஒரு பழக்கம். எந்தப் பட்டியல் எடுத்தாலும் மொத்தத்தைக் கூட்டிப் பாருங்கள். இரண்டு பட்டியலும் சேர்ந்து முழு எண்ணிக்கை வராவிட்டால் அச்சடிக்க முன்னம் நிறுத்துங்கள். மிச்சப் பேர் யார் என்று பார்ப்பதற்கு "மாவட்டம் வெறுமையாக உள்ளவர்கள்" என்று ஒரே ஒரு வினவல் போதும்.

உ/த வகுப்பில் ஈஆர் வரைபடமும் மூன்றாம் இயல்பு வடிவமும் படிப்பிக்கிறோம். மிக நல்லது. அதோடு இந்தக் கேள்வியையும் சேர்த்துப் படிப்பித்தால், பத்து வருடத்தில் அலுவலகங்களுக்குப் போய் உட்காரப்போகிற எங்கள் பிள்ளைகள் வரையும் அட்டவணைகளில் ஆட்கள் தொலைய மாட்டார்கள், இன்ஷா அல்லாஹ்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள். குறிப்பாக மூன்று நிரல் கட்சிக்காரர்கள். உங்கள் பாடசாலையில் எப்படிச் செய்திருக்கிறீர்கள் என்று அட்டவணையின் படத்தோடு போட்டால் மற்றவர்களுக்கும் உதவும். பிள்ளைகளின் பெயர்களை மட்டும் மறைத்துவிடுங்கள்.